கீழ்க்காய்நெல்லியும் எங்கள் ஈரலும்

(சபையின் வெள்ளிவிழா ஆண்டை முன்னிட்டு, ஞாயிறு ஆராதனைக்குப் பின் நடைபெற்ற உடல்நல ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழாக் குழுவில் உள்ள அக்கா ஒருவர்தான் இந்தத் தலைப்பைத் தந்தார். "சர்க்கரை வியாதி, பிரஷர் எல்லாம் போதுமான அளவு கேட்டுவிட்டோம், இந்த முறை ஈரலைப் பற்றிச் சொல்லுங்கோ, அதுவும் மூலிகைகள் ஈரலுக்கு நல்லதா கெட்டதா என்று சொல்லுங்கோ" என்றார். நான் வைத்தியர் அல்ல. இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஜேர்மனியில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்பவள். ஆகவே நோயைக் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. மருந்துக்குள் என்ன இருக்கிறது, அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

ஈரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறை. நாங்கள் விழுங்கும் எதுவும் குடலில் இருந்து இரத்தத்தில் சேர்ந்து முதலில் போய் நிற்கும் வாசல் அதுதான். வருவது பனடோலா, வேப்பம்பூ வடகமா, அம்மம்மா அரைத்துத் தந்த பச்சிலையா என்று ஈரல் பார்ப்பதில்லை. அதற்கு எல்லாமே ஒரு இரசாயனம். உடைத்து, மாற்றி, வெளியே தள்ளவேண்டும். சில வேளை அப்படி உடைக்கும்போது பிறக்கிற துண்டுதான் விஷமாகிறது. "இயற்கையானது, ஆகவே ஒன்றும் செய்யாது" என்று நாங்கள் சொல்லும்போது, ஈரலுக்குத் தெரியாத ஒரு வித்தியாசத்தை நாங்களாக உண்டாக்குகிறோம்.

ஊரில் இதை மஞ்சள் காமாலை என்று சொன்னவர்களைவிட செங்கமாரி என்று சொன்னவர்கள்தான் எங்களில் அதிகம். கண் மஞ்சளாகிவிட்டால் பரியாரியார் வீட்டுக்குத்தான் ஓட்டம். கீழ்க்காய்நெல்லியை வேரோடு பிடுங்கி, கழுவி, அம்மியில் அரைத்து, பாலிலோ மோரிலோ கலந்து வெறும் வயிற்றில் குடிக்கத் தருவார்கள். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, பொரியல் இல்லை. சில கிழமைகளில் கண் வெளுத்துவிடும். இங்கே இருப்பவர்களில் அப்படிக் குடித்தவர்கள் கையை உயர்த்துங்கள் பார்க்கலாம்... பாருங்கள், பாதி மண்டபம்!

அது பொய்யா? பொய் இல்லை. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு வந்த செங்கமாரியில் பெரும்பாலானது அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ. அந்த வைரஸ் பெரும்பாலானவர்களில் சில கிழமைகளில் தானாகவே போய்விடும். பச்சிலை குடித்தவருக்கும் போகும், குடிக்காதவருக்கும் போகும். பரியாரியார் சொன்ன ஓய்வும் பத்தியமும் நோயாளிக்கு இதமாக இருந்திருக்கும். ஆனால் நோயை மாற்றியது எது என்று அதை வைத்து நாங்கள் சொல்ல முடியாது.

அதைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். அதைச் செய்தவர்கள் எங்கள் மொழி பேசும் ஆட்கள்தான் என்பதை இங்கே பெருமையோடு சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் அவர்களும் கூட்டாளிகளும் ஹெபடைட்டிஸ் பி வைரசை உடம்பில் சுமக்கிறவர்களுக்குக் கீழாநெல்லித் தூளை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று தரம், முப்பது நாள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் கூடு. 1988இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது, வெறும் கூடு எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுந்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஹெபடைட்டிஸ் பி வைரசைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பேர்க்கும் இந்தச் செடியில் ஆர்வம் காட்டினார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இன்று உங்களுக்கு ஆளுக்கொரு கீழ்க்காய்நெல்லிக் கன்று கொடுத்து அனுப்பியிருப்பேன். முடியவில்லை. தாய்லாந்தில் அதே செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் கிடைக்கவில்லை. வேறு நாடுகளிலும் அந்த முதல் முடிவு திரும்ப வரவில்லை. கீழாநெல்லிக் குடும்பத்துச் செடிகளை வைத்துச் செய்த ஆய்வுகளை எல்லாம் 2011இல் கொக்ரேன் குழுவினர் சேர்த்து எடைபோட்டு, ஹெபடைட்டிஸ் பி நோய்க்கு இது வேலை செய்கிறது என்று சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் சத்து மாறலாம். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு மூன்று இனங்களும் உண்டு. இந்தக் காரணங்களை எல்லாம் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் என்னுடைய தீர்ப்பு இதுதான்: ஒரு வைரசைக் கட்டுப்படுத்தும் மாத்திரை இருக்கும்போது, திரும்பச் செய்தால் வராத ஒரு முடிவை நம்பி அந்த மாத்திரையை நிறுத்தக்கூடாது. ஹெபடைட்டிஸ் பி சத்தம் போடாமல் இருபது முப்பது வருடம் இருந்து, ஈரலைச் சுருக்கி, புற்றுநோயாகவும் மாறக்கூடியது. கண் வெளுத்துவிட்டது என்பதால் வைரஸ் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

யூடியூபில் "நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிகள் நிரூபித்திருக்கின்றன" என்று ஒருவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆராய்ச்சிகள் இருப்பது உண்மை. எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? எலிகளுக்கு முதலில் சில நாள் மூலிகைச் சாற்றைக் கொடுப்பார்கள். பிறகு காபன் டெட்ராகுளோரைட் என்ற விஷத்தையோ அளவுக்கு மிஞ்சிய பரசிட்டமோலையோ கொடுப்பார்கள். சாறு குடித்த எலியின் ஈரல் கொஞ்சம் குறைவாகக் கெட்டிருக்கும். கீழாநெல்லி, நிலவேம்பு, கரிசலாங்கண்ணி, மஞ்சள், முருங்கை, எதை எடுத்தாலும் இப்படி ஒரு கட்டுரை கிடைக்கும். நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான அந்திரோகிராபோலைட், மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் எல்லாம் இந்தச் சோதனையில் நல்ல புள்ளி எடுத்தவைதான். ஆனால் மழை வருமுன் குடை பிடிப்பது வேறு, நனைந்து காய்ச்சல் வந்தபின் குடை பிடிப்பது வேறு. எங்களுக்கு மருந்து தேவைப்படுவது நனைந்த பிறகுதான். அதோடு எலிக்குக் கொடுத்த அளவை மனிதரின் நிறைக்குக் கணக்குப் பார்த்தால் சில வேளை கைநிறையத் தூள் விழுங்கவேண்டி வரும்.

சரி, எதுவுமே வேலை செய்யாதா? செய்கிற ஒன்று இந்த நாட்டிலேயே இருக்கிறது. மரியென்டிஸ்டெல். மரியாளின் முட்செடி என்று சொல்லலாம். அதன் பச்சை இலையில் பால் சிந்தியது போல வெள்ளைக் கோடுகள் ஓடும். குழந்தை இயேசுவுக்குப் பாலூட்டும்போது மரியாளின் பால் சிந்திய அடையாளம் என்று இங்கே பழைய ஆட்கள் கதை சொல்வார்கள். அதன் விதையில் இருந்து எடுப்பது சிலிமாரின் என்ற கலவை. அதற்குள் முக்கியமானது சிலிபினின்.

2015இன் இலையுதிர் காலத்தில் இங்கே புதிதாக வந்திறங்கிய அகதிகள் பலர் காட்டில் காளான் பறித்துச் சமைத்துச் சாப்பிட்டு ஹனோவர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தங்கள் நாட்டில் பறித்துச் சாப்பிடும் காளான் போலவே இருந்தது. உண்மையில் அது குனோலன்பிளெற்றபில்ஸ் என்ற கொலைக் காளான். எலிசா தீர்க்கதரிசியின் நாட்களில் பேய்க்கொம்மட்டிக்காயை இன்னதென்று அறியாமல் கூழ்ப்பானையில் அரிந்து போட்டவனின் நிலைதான். பஞ்சகாலம், பசி, அந்நியச் செடி. நாங்களும் ஒரு காலத்தில் அகதிகளாக வந்து அதே காடுகளின் ஓரத்து முகாம்களில் இருந்தவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதைக்கும்.

இந்தக் காளானின் விஷம் சமைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரம், சில வேளை பன்னிரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, வயிற்றோட்டம். அதன்பின் ஒரு நாள் சுகம் வந்தது போல இருக்கும். அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். விஷம் ஈரலின் கலங்களுக்குள் நுழைய ஒரு கதவு இருக்கிறது. சிலிபினின் போய் அந்தக் கதவில் குந்திக்கொள்கிறது. பித்தத்தோடு குடலுக்குப் போன விஷம் திரும்பவும் ஈரலுக்குள் வராமல் தடுக்கிறது. அதனால்தான் இங்கே சிலிபினினை ஊசி மருந்தாக நாளத்தில் ஏற்றுகிறார்கள். நோயாளிகளைச் சீட்டுப்போட்டுப் பிரித்துச் செய்த சோதனை இதற்கு இல்லை. சாகக் கிடப்பவருக்கு வெறும் கூடு கொடுத்துப் பார்க்க எந்த வைத்தியருக்கும் மனம் வராது அல்லவா? ஆனாலும் அது எப்படி வேலை செய்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது, பல வருட அனுபவமும் இருக்கிறது.

இதே செடி கூட்டில் அடைக்கப்பட்டு மருந்தகத்தில் விற்கப்படுகிறது. எங்கள் அன்ரிமார் ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொண்டும் போகிறார்கள். அமெரிக்காவில் பழைய சிகிச்சைக்கு மசியாத ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் 154 பேருக்கு, சாதாரண அளவைவிடக் கூட்டி, 24 கிழமை சிலிமாரின் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவு: வெறும் கூட்டைவிட எந்த வித்தியாசமும் இல்லை. பெரிய தீமையும் இல்லை. வாயால் எடுத்தால் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. தேநீராகக் குடித்தால் இன்னும் குறைவு, ஏனெனில் சிலிமாரின் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஹெபடைட்டிஸ் சியை இப்போது எட்டு முதல் பன்னிரண்டு கிழமை மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முற்றாகவே மாற்றிவிடுகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள்.

இனி மஞ்சள். இதைத்தான் நான் ஆறுதலாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது எங்கள் சபைக்குள்ளேயே நடந்தது. அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

முழங்கால் வலிக்கு என்று ஒரு ஐயா இணையத்தில் மஞ்சள் குளிசை வாங்கினார். மிளகுச் சத்துச் சேர்த்தது. மூன்று மாதம் விடாமல் எடுத்தார். முதலில் பசி போனது, பிறகு உடம்பெல்லாம் அரிப்பு, பிறகு சிறுநீர் தேயிலைச் சாயம் போல. கண்ணில் மஞ்சள். ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தால் ஈரல் நொதிகள் இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு கூட. வைரஸ் இல்லை, பித்தப்பையில் கல் இல்லை, மதுப் பழக்கம் இல்லை. "வேறு என்ன மருந்து எடுக்கிறார்?" என்று வைத்தியர் கேட்டார். மகன்தான் மொழிபெயர்ப்பு. "பிரஷர் குளிசை மட்டும்" என்று சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. மஞ்சளை அந்த வீட்டில் யாரும் மருந்தாக நினைக்கவே இல்லை. நான் பார்க்கப் போயிருந்தபோது, ஐயாவுக்கு ஒரு வேளையும் தவறக்கூடாது என்று அம்மா கைப்பையில் இருந்து அந்தப் போத்தலை எடுத்துக் கொடுத்தா. வார்டுக்குள் படுத்திருந்தும் அவர் அதை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்!

போத்தலை வைத்தியரிடம் காட்டினோம். நிறுத்தியபின் எட்டுக் கிழமையில் இரத்தப் பரிசோதனை பழைய நிலைக்கு வந்தது. இன்று அவர் இங்கே இருக்கிறார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

குழம்புக்குள் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. அதிலும் உடம்பில் சேர்வது கொஞ்சம். குளிசையில் அதைப் பிரித்தெடுத்துச் செறிவாக அடைக்கிறார்கள். மிளகில் உள்ள பிப்பெரின் அதை உடம்பு வெளியே தள்ளவிடாமல் மறிக்கிறது. பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரியில் 1998இல் செய்த ஆய்வில், இரண்டு கிராம் குர்குமினோடு இருபது மில்லிகிராம் பிப்பெரின் கொடுத்தபோது மனிதரில் அது இரத்தத்தில் சேர்வது இருபது மடங்கு கூடியது. வியாபாரிகள் இதைப் பெருமையாகப் போத்தலில் எழுதுகிறார்கள். எனக்கோ அது எச்சரிக்கையாகத்தான் தெரிகிறது. இத்தாலியில் 2019இல் இப்படி இருபதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஈரல் அழற்சி வந்து, அந்த நாட்டுச் சுகாதார அமைச்சு போத்தல்களில் எச்சரிக்கை எழுதவைத்தது. அமெரிக்க ஈரல் நிபுணர்கள் பத்து நோயாளிகளைப் பதிந்தார்கள், ஒருவர் இறந்துவிட்டார். அந்தப் பத்தில் ஏழு பேருக்கு ஒரே பரம்பரை அடையாளம் இரத்தத்தில் இருந்தது. அதாவது எடுக்கிற எல்லோருக்கும் இது வராது. பிறப்பிலேயே அந்த வாய்ப்பு உள்ளவர்களுக்கு வரும். உங்களுக்கு அந்த அடையாளம் இருக்கிறதா என்று குளிசை விற்பவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், சாப்பாடு ஆறுகிறது. சீந்தில் கொடியைக் கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று இந்தியாவில் கஷாயமாகக் குடித்தார்கள். மும்பையில் 2020இன் கடைசி மாதங்களில் ஆறு பேர் ஈரல் அழற்சியோடு வந்தார்கள். பிறகு பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 43 பேரைப் பதிந்தன. ஆயுஷ் அமைச்சு இதை மறுத்தது. இரண்டு பக்கத்து வாதங்களையும் வாசித்தேன், நோயாளிகளைக் கண்ட வைத்தியர்கள் பக்கமே எனக்கு நியாயம் தெரிகிறது. வெண்புள்ளிக்குக் கொடுக்கும் கார்போகரிசி சேர்ந்த குளிசைகளை மாதக்கணக்கில் எடுத்த ஒரு பெண்ணுக்கு ஈரல் கெட்டதை இங்கே ஹனாவு நகரத்து வைத்தியர்கள் 2009இல் எழுதியிருக்கிறார்கள். அமுக்கிராய், அதாவது அஸ்வகந்தாவை, டென்மார்க் 2023இல் தடைசெய்தது. மெலிவதற்கென்று விற்கும் பச்சைத் தேயிலைச் சாற்றுக் குளிசையில் நாளுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் கட்டெச்சின் போனால் ஈரல் நொதிகள் ஏறுகின்றன; கோப்பையில் குடிக்கும் பச்சைத் தேநீர் அல்ல, குளிசை. அதிமதுரம் சுவாரசியமானது: ஜப்பானில் அதன் கிளிசிரிசினை ஊசியாக்கி நாட்பட்ட ஈரல் அழற்சிக்குக் கொடுத்தார்கள். ஆனால் அதே கிளிசிரிசின் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். பிரஷர் உள்ளவர்கள் தொண்டைக்கென்று தினமும் அதிமதுரம் மெல்லவேண்டாம்.

இது எங்கள் நாட்டு மூலிகைகளுக்கு மட்டும் சொல்லும் குற்றம் அல்ல. வயிற்றுக்கும் பித்தப்பைக்கும் என்று ஜேர்மன்காரர் தலைமுறை தலைமுறையாகக் குடித்த ஷொல்குறவுற் செடியையே, ஈரலைத் தாக்குகிறது என்று 2008இல் ஜேர்மன் மருந்து ஆணையம் கட்டுப்படுத்தியது. நாளுக்கு இரண்டரை மில்லிகிராமுக்கு மேல் அதன் அல்கலொயிட் சேரும் மருந்துகளுக்கு அனுமதி எடுக்கப்பட்டது.

செடி நல்லதாக இருந்தாலும் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் வாங்கிப் பரிசோதித்து 2008இல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது.

மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து, தமிழ் படித்து, மேலைத்தேய வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே எங்கள் பிள்ளைகளை வைத்தியராக்கினார். நோயாளிக்கு விளங்கும் மொழியில் வைத்தியர் பேசவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இங்கே எங்களுக்கு அந்த வசதி இல்லை. மகனோ மகளோ இடையில் நிற்கிறார்கள். ஆகவே பிள்ளைகளே, உங்களிடம்தான் கேட்கிறேன். அப்பா அம்மாவோடு வைத்தியரிடம் போகும்போது "என்ன மருந்து எடுக்கிறீர்கள்" என்று மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். "குளிசை, தூள், கஷாயம், லேகியம், ஊரிலிருந்து வந்த போத்தல், எதையாவது எடுக்கிறீர்களா" என்று கேளுங்கள். போத்தலையே கையோடு கொண்டுபோங்கள். இரத்தம் இளக்கும் மருந்து, வலிப்பு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றியவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கனவே ஈரலில் கொழுப்பு உள்ளவர்கள் இதில் இன்னும் கவனம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. 2021 ஒக்டோபரில் இருந்து இந்த நாட்டில் 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் சாதாரண உடற்பரிசோதனையோடு ஒரு தடவை ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் காப்புறுதிச் செலவிலேயே இரத்தம் பார்க்கலாம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு 1995இல் இருந்து பி தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. இலங்கையில் அது 2003இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்து இங்கே வந்த எங்களில் பெரும்பாலானோர் ஊசியும் போடவில்லை, பார்க்கவும் இல்லை. ஈரல் நொதி அந்தப் பரிசோதனையில் தானாக வராது, தனியாகக் கேட்கவேண்டும். குடும்ப வைத்தியரிடம் "லேபவெர்ட்டெ" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

கேள்வி நேரத்தில் ஒரு அம்மா கேட்டதையும் மலர்க்குழு சேர்க்கச் சொன்னது. "அப்போ வல்லாரைச் சம்பலும் சாப்பிடக்கூடாதா தங்கச்சி?" என்றார். தாராளமாகச் சாப்பிடுங்கள் அம்மா. தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டு, தேசிக்காய் பிழிந்து, சோற்றோடு சாப்பிட்ட அந்தக் கீரையால் கெட்ட ஈரலை நான் எங்கேயும் வாசிக்கவில்லை. ஆனால் அதே வல்லாரையை மெலிவதற்கென்று குளிசையாக எடுத்த மூன்று பெண்களுக்கு இருபது முதல் அறுபது நாளுக்குள் செங்கமாரி வந்ததாக 2005இல் ஒரு வைத்திய இதழில் வந்தது. குளிசையை நிறுத்தியதும் சுகமானார்கள். "அப்போ சம்பல் மட்டும்" என்றார் அம்மா. ஆம் அம்மா, சம்பல் மட்டும்.